ஆறு லட்சம் ரூபாய், ஒரு மலைக்கிராமம்: ஆடா, கடனா, ரொக்கமா, ஆளா?

சேலத்தில் எங்கள் நண்பர் குழு ஆண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து போட்ட பணம். ஏற்காடு வட்டத்தில் ஏறக்குறைய எண்பது வீடுகள் உள்ள ஒரு கிராமத்துக்கு அது போகிறது. அங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். பாதிக்கு மேற்பட்டோர் எஸ்டேட் கூலிகள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நிலம், அதில் கொஞ்சம் காப்பியும் மிளகும். வறுமையைக் குறைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. பணத்தை எதில் போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஒவ்வொரு யோசனையையும் எடுத்து, உலகில் வேறு இடங்களில் அது எப்படிப் போனது, நம் மலையில் எப்படிப் போகும் என்று பார்க்கிறேன். என் வாக்கு எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரிலேயே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக ஆவண வேலையை முடித்துத் தரும் ஆளாக வைப்பதற்கு.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி (உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது) 2019–21இல் தமிழ்நாட்டில் வறியவர்கள் 2.20 சதவீதம், இந்தியா முழுவதற்கும் 14.96 சதவீதம். ரேஷன் அரிசி இங்கே 2011 முதல் இலவசம். சத்துணவு உண்டு, காலை உணவு உண்டு, மகளிர் உரிமைத் தொகை உண்டு. ஆகவே வங்கதேசத்தின் ஒரு கிராமத்தில் எது பலித்ததோ அது இங்கேயும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான மருந்து பெரும்பாலானோரைச் சேர்ந்துவிட்ட ஒரு மாநிலத்தில், மீதி இருப்பவர்கள் ஏதோ ஒரு தடைக்கு அப்பால் நிற்கிறார்கள். அந்தத் தடை எது என்பதைப் பொறுத்துத்தான் பணம் போக வேண்டும்.

குழுவில் அதிக ஆதரவு பெற்ற யோசனை ஆடு. ஆளுக்கு நான்கு வெள்ளாடு வாங்கிக் கொடுத்தால் இரண்டே ஆண்டில் பத்தாகும் என்கிறார்கள். இந்த யோசனைக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் மிக வறிய குடும்பங்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது: ஒரு கால்நடையோ சிறுதொழில் பொருளோ கொடுப்பது, அது பலன் தரும் வரை சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பது, சேமிப்புக் கணக்கு தொடங்குவது, வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பது. இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதே மாதிரியைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் குடும்பங்களின் நிலை மேம்பட்டிருந்தது. மேற்கு வங்கத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பலன் தொடர்ந்தது. வறுமை ஒழிப்பில் இவ்வளவு உறுதியான சான்றுள்ள திட்டங்கள் மிகச் சிலவே.

ஆனால் அதே திட்டத்தை அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் நடத்தியபோது நிகரப் பலன் ஒன்றும் தெரியவில்லை. காரணம் நமக்கு மிகவும் முக்கியமானது. அப்போது அங்கே விவசாயக் கூலி உயர்ந்துகொண்டிருந்தது. திட்டத்தில் சேராத குடும்பங்கள் கூலிக்குப் போய் அதே அளவு சம்பாதித்தன. சேர்ந்தவர்கள் மாட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு கையில் வந்தது மறு கையில் போயிற்று. பலர் கால்நடையை விற்றுக் கடனை அடைத்தார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் நிலை மேற்கு வங்கத்தை விட மேடக்கைத்தான் ஒத்திருக்கிறது. நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிப்புக்கு ஆள் தேடுகிறார்கள். அந்தக் கிராமத்தில் ஒரு பாட்டியம்மா எங்களிடம் கேட்டார்: "நான் பறிப்புக்குப் போய்விட்டால் ஆட்டை யார் மேய்ப்பது, கண்ணு?" எஸ்டேட்டுக்குள் ஆட்டை விட முடியாது, கன்றையும் மிளகுக்கொடியையும் கடித்துவிடும். காப்புக்காட்டுக்குள் ஓட்டிச் சென்றால் வனத்துறை தடுக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடக் கால்நடை மருந்தகத்துக்கு நடக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசே 2011 முதல் ஐந்து ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடு கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. ஆடு கிடைக்காதது இந்த மலையின் பிரச்சினை அன்று. ஆனாலும் இந்த யோசனையை நான் முழுவதும் தள்ளவில்லை. பறிப்புக்குப் போக உடல் ஒத்துழைக்காத பெண்கள், வீட்டை விட்டு நகர முடியாமல் நோயாளியையோ கைக்குழந்தையையோ பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டோரத்தில் கட்டி வைத்துத் தழை ஒடித்துப் போட்டு வளர்க்கும் இரண்டு ஆடு அவர்களுக்குத்தான் பொருந்தும். அதுவும் அவர்களே கேட்டால் மட்டும்.

அடுத்து கடன். வங்கியில் இருந்த நண்பர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்: கொடுத்த பணம் திரும்ப வரும், வட்டமாகச் சுற்றும், யாரையும் கையேந்த வைக்காது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு பிறந்ததே நமக்குப் பக்கத்தில், 1989இல், தருமபுரியில். அந்தக் குழுக்கள் பெண்களுக்குக் கொடுத்த தைரியத்தையும் வங்கி வாசல் பழக்கத்தையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் வறுமையைக் குறைப்பதில் சிறுகடனின் பங்கு, அதற்குக் கிடைத்த புகழோடு ஒப்பிட்டால் சிறியது. வங்கதேசத்தில் சிறுகடனைப் பரப்பிய முகமது யூனுஸும் அவருடைய கிராமீன் வங்கியும் 2006இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது உலகமே அதை மந்திரக்கோல் என்று நம்பியது. பின்னர் ஹைதராபாதின் 104 குடியிருப்புப் பகுதிகளில், அவற்றில் பாதியில் மட்டும் கடன் நிறுவனத்தை நுழைய விட்டு, அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களில் சிலர் அதைப் பெருக்கினார்கள். சராசரிக் குடும்பத்தின் நுகர்வு உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பிலும் உடல்நலத்திலும் மாற்றம் இல்லை. 2010இல் ஆந்திரத்தில் வசூல் நெருக்கடி முற்றி, அரசு அவசரச் சட்டம் போட வேண்டிய நிலை வந்தது.

எங்கள் கிராமத்தில் கடன் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். வாரத் தவணை, மாதத் தவணை, கடைப் பற்று, எஸ்டேட் முன்பணம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு கடனைக் கொண்டுபோய் வைத்து அதற்கு வறுமை ஒழிப்பு என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. கொள்கையளவில் எனக்கு இதன் மேல் மதிப்பு அதிகம். ஏழைகள் கையில் பணம் கொடுத்தால் குடித்து அழித்துவிடுவார்கள் என்று நம் ஊரில் சொல்லப்படுவதைக் கென்யாவில் நடந்த ஆய்வே மறுத்துவிட்டது. அங்கே பணம் பெற்றவர்கள் உணவுக்கும் கூரைக்கும் கால்நடைக்கும் செலவழித்தார்கள், மதுவுக்கும் புகையிலைக்கும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. மெக்சிகோ 1997இலும் பிரேசில் 2003இலும் தொடங்கிய உதவித்தொகைத் திட்டங்கள் கோடிக்கணக்கான குடும்பங்களைத் தாங்கின. ஆனால் எங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு லட்சத்தை எண்பது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய், மாதத்துக்கு 625 ரூபாய். அரசு தரும் மகளிர் உரிமைத் தொகையே மாதம் 1,000 ரூபாய். எங்கள் பணம் அதில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லாமல் மூன்று ஆண்டில் தீர்ந்துவிடும். ரொக்கம் கொடுப்பது அரசுகளுக்கு ஏற்ற வழி. சிறு குழுவின் தோள் அதற்குப் போதாது.

காப்பி பற்றிய யோசனைதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர். இருநூறு ஆண்டுகளாக இந்த மலையின் செல்வம் இதிலிருந்துதான் வந்தது; மலையின் பூர்வகுடிகளிடம் அதில் எவ்வளவு தங்கியது என்பதை அவர்கள் வீடுகளைப் பார்த்தால் தெரியும். இப்போது விலையும் நன்றாக இருக்கிறது. 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிக்கா விலை பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பழமாகவே விற்றுவிடுகிறார்கள். பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்துப் பார்ச்மென்ட் (மேலுறையோடு காய்ந்த கொட்டை) ஆக்கி விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். ஊருக்குப் பொதுவாகப் பல்பர் என்ற தோல் நீக்கும் இயந்திரம் ஒன்றும் சிமெண்ட் களமும் போட்டுத் தரலாம் என்பது யோசனை.

கேட்க நன்றாக இருக்கிறது. விசாரித்தபோது மூன்று முடிச்சுகள் தெரிந்தன. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் கிராமத்தில் குடிக்கவே கோடையில் தட்டுப்பாடு. இரண்டாவது, பலர் பறிப்புக்கு மாதங்களுக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். பழம் யாருக்குப் போக வேண்டும் என்பது பூக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இயந்திரம் வந்தாலும் அந்தக் கணக்கு தீராமல் பழம் களத்துக்கு வராது. மூன்றாவதுதான் பெரிது: காப்பி வைத்திருப்பவர்கள் அந்த ஊரின் ஆகக் கடைசி வறியவர்கள் அல்லர். நிலமே இல்லாத எஸ்டேட் கூலிக் குடும்பத்துக்குப் பல்பரால் ஒரு பைசா வராது. மலைப்பகுதிகளில் லேம்ப்ஸ் என்ற பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. காப்பி வாரியம் இருக்கிறது. இயந்திரமும் களமும் அவர்கள் வழியாக வர வேண்டியவை. எங்கள் பணம் முன்பணக் கட்டிலிருந்து சிலரை விடுவிக்க உதவலாம். அதற்கு மேல் இந்த ஆண்டு இதில் இறங்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வெளியூர் வேலைக்குப் போக இளைஞர்களுக்கு வழிச்செலவு கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வங்கதேசத்தின் ரங்பூரில் 2008இல் பஸ் கட்டணம் அளவுக்குச் சிறு தொகை கொடுத்தபோது பலர் நகரத்துக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தைப் பசி மிகுந்த மாதங்களில் காப்பாற்றினார்கள். பெரிய அளவில் விரித்தபோது பலன் கிடைக்கவில்லை. 2019இல் அதை நடத்திய அமைப்பே நிறுத்திவிட்டது. எங்கள் ஊர்ப் பையன்களுக்குத் திருப்பூரும் கோவையும் ஏற்கெனவே தெரியும். இதை விட்டுவிடலாம்.

படிப்பு வேறு விதமானது. இதற்கு எதிராக யாரும் பேசவில்லை. ஆனால் படிப்புக்கு உதவுவது என்றால் எல்லோரும் நோட்டுப் புத்தகமும் பையும் என்றே நினைக்கிறார்கள். அவை அரசுப் பள்ளியில் கிடைக்கின்றன. பிள்ளைகள் நழுவுவது பத்தாம் வகுப்புக்கும் கல்லூரி முதல் ஆண்டுக்கும் நடுவில். இதே மலையில் நாடெங்கும் பெயர் பெற்ற தங்கும் பள்ளிகள் இருக்கின்றன. இந்த ஊர்ப் பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குப் போக, ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் வரும் பஸ்ஸை நம்ப வேண்டும். பஸ் தவறினால் அன்று பள்ளி இல்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது; கல்வி உதவித்தொகையும் உண்டு. ஆனால் அந்தப் பணம் கணக்கில் ஏறும் வரையிலான முதல் சில மாதங்களுக்கு விடுதி முன்பணம், துணிமணி, பஸ் செலவுக்குக் கையில் ரொக்கம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் படிப்பு நின்றுபோகிறது. எங்கள் பணம் போய் நிற்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

இனி நான் வாக்களிக்கும் யோசனை. இது கொடுப்பவர்களுக்குப் பெருமை தராது. படம் எடுத்து மாட்ட ஆடு இல்லை, இயந்திரம் இல்லை. ஊரைச் சேர்ந்த, பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண்ணுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம். எண்பது வீட்டுக்கும் அவர் ஒரு நோட்டுப் போட வேண்டும். யாருக்கு ரேஷன் அட்டை இல்லை, யாருடைய ஆதாரில் பிறந்த தேதி தவறு, யார் பெயர் வங்கிக் கணக்கில் ஒரு மாதிரியும் அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, எந்த முதியவருக்கு ஓய்வூதியம் வரவில்லை என்று எழுதி, ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும்.

இதை நான் சிறு வேலையாகக் கருதவில்லை. பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் தர வேண்டும். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போடலாம். விசாரணை, கூடுதல் ஆவணம் என்று அழைப்பு வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும். வருபவருக்கு அன்றைய கூலி போகிறது, பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு. அதிகாரி வேறு வேலையாகப் போயிருந்தால் இன்னொரு நாள் கூலியும் போகிறது. இரண்டு முறை வந்து திரும்பியவர் மூன்றாவது முறை வருவதில்லை. அவர் சோம்பேறி என்று அதற்குப் பொருள் இல்லை. அவரால் அதற்கு மேல் இழக்க முடியாது. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் மலையாளிகள். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அரசின் பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் பெயர் சேலம், தருமபுரி, பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்குப் பழங்குடித் தகுதி கிடையாது. காகிதத்தில் ஒரு கோடு எங்கே விழுகிறது என்பது ஒரு பிள்ளையின் படிப்பையே தீர்மானிக்கிறது.

பணக் கணக்கிலும் இந்த யோசனை மற்றவற்றை மிஞ்சுகிறது. ஒரு வீட்டில் பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய், தாய்க்கு மகளிர் உரிமைத் தொகை 1,000, கல்லூரி செல்லும் மகளுக்கு 1,000. மூன்றும் வரத் தொடங்கினால் மாதம் 3,200, ஆண்டுக்கு 38,400 ரூபாய். எல்லா வீட்டிலும் மூன்றும் பொருந்தாது. சிலருக்கு ஏற்கெனவே வருகிறது. எண்பதில் இருபது வீட்டுக்கு இதில் பாதி மட்டும் புதிதாகக் கிடைத்தது என்று வையுங்கள்: ஆண்டுக்கு 3,84,000 ரூபாய் ஊருக்குள் வரும். சம்பளச் செலவு 1,80,000. அந்த வரவு நாங்கள் போன பிறகும் நிற்காது.

காட்டோரம் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் வன நிலத்துக்குப் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம்; மனு கிராம சபை வழியாகப் போக வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் இது பல ஆண்டுகள் தள்ளிப்போனது. தடை நீங்கிய பிறகும் மனுவை ஒழுங்காக எழுதி, வரைபடம் சேர்த்துப் பின்தொடர ஆள் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நில உரிமை கிடைப்பது எத்தனை ஆட்டுக்குச் சமம் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை.

கேரளம் 2021க்குப் பின் செய்ததும் இந்த வழிதான். 64,006 மிக வறிய குடும்பங்களை ஊர் ஊராகக் கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் எழுதி, முதலில் ரேஷன் அட்டை, ஆதார் போன்ற ஆவணங்களை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு வீடு, மருந்து, வருமானம். 2025 நவம்பர் 1 அன்று மாநிலம் கடும் வறுமையிலிருந்து விடுபட்டதாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை ஏற்காதவர்கள் கேரளத்திலேயே இருக்கிறார்கள். கண்டறியும்போதே விடுபட்டவர்கள் உண்டு என்கிறார்கள். வீட்டுக்கு வீடு நோட்டுப் போடும் முறையை அந்த விவாதம் பொய்யாக்கவில்லை. நோட்டை இன்னும் கவனமாகப் போட வேண்டும் என்றுதான் காட்டுகிறது.

எதிர்ப்புகளும் வந்தன. அரசின் வேலையை நாம் ஏன் காசு கொடுத்துச் செய்ய வேண்டும் என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அரசு திருந்தும் வரை அந்தப் பாட்டியம்மாவின் 1,200 ரூபாயை நிறுத்தி வைக்க நமக்கு என்ன உரிமை? இன்னொருவர் கேட்டது கடினமான கேள்வி: அந்தப் பெண்ணே நாளை இடைத்தரகராகி ஆளுக்கு ஐந்நூறு கேட்டால்? அதற்கு வழி, யார் மனு எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை மாதந்தோறும் ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுவது, எந்தக் கட்டணத்தையும் ஊராரிடம் வாங்காமல் குழுவே செலுத்துவது, அவரைத் தேர்ந்தெடுப்பதையும் மாற்றுவதையும் ஊர்ப் பெண்கள் கூட்டத்திடம் விடுவது.

நோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வறுமையிலிருந்து மேலேறுபவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அதே காலத்தில் அதே ஊரில் வேறு குடும்பங்கள் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன. ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வரலாற்றைக் கேட்டு எழுதிய ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணா, விழுவதற்கு முதல் காரணம் நோயும் மருத்துவச் செலவும் என்று கண்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவைச் சிகிச்சைக்குக் கை கொடுக்கிறது. ஆனால் நோயாளியோடு சேலம் அரசு மருத்துவமனையில் பத்து நாள் தங்குபவரின் சாப்பாடும் இழந்த கூலியும் எந்த அட்டையிலும் இல்லை. அந்தப் பத்து நாளில்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள், ஆட்டை விற்கிறார்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள். திருப்பித் தர வேண்டாத ஒரு சிறு நிதியை இதற்கென்று வைக்க வேண்டும்.

ஆகவே முதல் ஆண்டுக்கு நான் முன்வைக்கும் பிரிப்பு இது. ஆவணப் பணியாளருக்குச் சம்பளம் 1,80,000 ரூபாய். ஊரார் சேலம் வந்துபோகும் பஸ் செலவு, நகல், இ-சேவைக் கட்டணம் 40,000. பத்தாம் வகுப்பு முதல் கல்லூரி முதல் ஆண்டு வரை இடைவெளிச் செலவு 1,60,000. மருத்துவமனைக் காலத்துக்கு 1,20,000. கூலிக்குப் போக முடியாத பெண்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஆடு, கோழி, தையல் இயந்திரம் போன்றவற்றுக்கு 1,00,000. முன்பணக் கட்டை அவிழ்க்க இந்த ஆண்டு தனியாக ஒதுக்கவில்லை. எத்தனை பேர், எவ்வளவு தொகை என்று நோட்டில் வந்த பிறகு இரண்டாம் ஆண்டில் பார்க்கலாம்.

ஓராண்டு முடிவில் புதிதாக ஊருக்குள் வரத் தொடங்கிய அரசுப் பணம் அந்தச் சம்பளத்தை எட்டவில்லை என்றால் பணியாளர் யோசனையை விட்டுவிட்டு, ஆட்டுக்கு ஆதரவளித்த நண்பர்கள் சொல்வதை நான் முதல் ஆளாக ஏற்கிறேன். வாக்கெடுப்பை ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும். பறிப்பு தொடங்கிவிட்டால் பகலில் ஊரில் ஆள் இருக்க மாட்டார்கள். நோட்டுப் போடும் வேலை மாசி வரை தள்ளிப்போகும்.